பழைய அறிவியல் இதழ்களின் விசித்திரக் கண்டுபிடிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தடி உயரச் சக்கரத்துக்குள் உட்கார்ந்து கடற்கரையில் வண்டி ஓட்டும் மனிதர், ஜன்னலுக்கு வெளியே கம்பிக்கூண்டில் தூங்கும் குழந்தை, தலை முழுக்க மூடிய கவசத்தோடு மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசாமி. இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அடிக்கடி சுற்றுகின்றன. பெரும்பாலும் ஆண்டு இருக்காது, பெயர் இருக்காது, "அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். எனக்கு அந்த வரியில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் தீர்க்க வேண்டிய ஒரு நிஜப் பிரச்சினை இருந்தது, அது என்ன என்று தேடினால் படம் இன்னும் சுவாரசியமாகிறது. இந்தப் படங்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தப் படங்கள் எந்த இதழ்களில் வந்தவை?

பெரும்பாலானவை அமெரிக்க இதழ்கள். மூத்தது சயின்டிபிக் அமெரிக்கன், 1845-இல் ரூபஸ் போர்ட்டர் தொடங்கியது. 1872-இல் எட்வர்ட் யூமன்ஸ் தொடங்கிய பாப்புலர் சயின்ஸ் முதலில் கனமான கட்டுரைகள் மட்டுமே வரும் இதழாகத்தான் இருந்தது, 1915-க்குப் பிறகுதான் படங்களும் செய்முறைகளும் நிறைந்த இதழாக மாறியது. 1902 ஜனவரியில் சிகாகோவில் ஹென்றி ஹேவன் வின்ட்சர் பாப்புலர் மெக்கானிக்ஸைத் தொடங்கினார், உங்களுக்குப் புரியும்படி எழுதப்பட்டது என்பதையே அட்டையில் முழக்கமாகப் போட்டார்கள். இவற்றோடு 1928-இல் தொடங்கிப் பிறகு மாடர்ன் மெக்கானிக்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற இதழ், அப்புறம் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நடத்திய எலெக்ட்ரிக்கல் எக்ஸ்பெரிமென்டர், சயின்ஸ் அண்ட் இன்வென்ஷன், ரேடியோ நியூஸ். இணையத்தில் சுற்றும் படங்களில் ஏராளமானவை 1920 முதல் 1940 வரை உள்ள இருபது ஆண்டுகளைச் சேர்ந்தவை.

அதெல்லாம் நிஜமாகவே செய்த பொருட்களா, அல்லது வெறும் ஓவியமா?

இரண்டும் உண்டு, நடுவிலும் உண்டு. ஒரு படத்தைப் பார்த்தவுடன் நான் முதலில் கேட்பது, இது ஓடிய இயந்திரமா, காப்புரிமைத் தாளில் மட்டும் இருந்ததா, ஆசிரியர் கற்பனை செய்ததா, இல்லை விளம்பரமா என்பதுதான். நாலும் ஒரே இதழில் பக்கத்துப் பக்கத்தில் வரும். அட்டை ஓவியத்தை மட்டும் நம்பவே கூடாது, பத்துப் பேர் ஏறக்கூடிய வண்டியை ஓவியர் நூறு பேர் ஏறும் கப்பலாக்கி விடுவார். உள்ளே புகைப்படம் இருக்கிறதா, ஊர் பெயர் சொல்லியிருக்கிறார்களா, செய்தவர் பெயர் உண்டா என்று பாருங்கள். பெயர் இருந்தால் கூகுள் பேட்டன்ட்ஸில் தேடுங்கள். ஆனால் காப்புரிமை கிடைத்தது என்றால் அது விற்பனைக்கு வந்தது என்று அர்த்தம் இல்லை, நன்றாக ஓடியது என்றும் அர்த்தம் இல்லை. புதிதாக இருக்கிறதா, பயன்படக்கூடியதா என்றுதான் காப்புரிமை அலுவலகம் பார்க்கும்.

அந்த ராட்சதச் சக்கர வண்டி ஓடியதா?

ஓடியது. அதன் பெயர் டைனாஸ்பியர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே. ஏ. பர்வ்ஸ் 1930-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார், 1932-இல் வெஸ்டன் சூப்பர் மேர் கடற்கரை மணலில் அது ஓடிய காட்சிகள் படமாகவே இருக்கின்றன. பத்தடி உயரம், சுமார் 450 கிலோ எடை. பெட்ரோல் எஞ்சின் 2.5 குதிரைத்திறன் என்றும் 6 என்றும் குறிப்புகள் சொல்கின்றன, எப்படியும் சின்னதுதான், ஆனாலும் மணிக்கு 40 முதல் 48 கி.மீ. வரை போயிருக்கிறது. சாதாரண கார்களில் நாலு சக்கரம், அச்சு, கியர் என்று எத்தனையோ இடங்களில் உராய்வில் ஆற்றல் வீணாகிறதே, ஒரே சக்கரமாக இருந்தால் அது மிச்சம்தானே என்பதுதான் பர்வ்ஸின் கணக்கு. இவ்வளவு சின்ன எஞ்சினில் அவ்வளவு வேகம் வந்ததைப் பார்த்தால் கணக்கு தப்பில்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. ஓட்டுநரும் எஞ்சினும் உள்ளே ஒரு தண்டவாளத்தில் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எஞ்சின் முடுக்கும்போது அந்த உள்பகுதி சக்கரத்தின் உள்சுவரில் கொஞ்சம் முன்னால் ஏறப் பார்க்கும், அதன் எடை கீழே இழுக்கும், அந்த இழுப்பில்தான் வெளிச் சக்கரம் உருள்கிறது. ஆக, சக்கரத்துக்குக் கொடுக்கக்கூடிய விசைக்கு உள்ளே இருக்கும் எடைதான் எல்லை. இப்போது திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? உள்பகுதி சக்கரத்தோடு பூட்டிக்கொள்ளும், சக்கரமோ வேகத்தில் உருண்டுகொண்டே இருக்கும், ஓட்டுநரும் இருக்கையோடு சேர்ந்து தலைகீழாகச் சுற்றி வருவார். திருப்புவதும் கடினம், வண்டியைச் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓடினால் நிறுத்த முடியாத வண்டியை யார் வாங்குவார்கள்? ஆனால் இன்றும் ஒற்றைச் சக்கர மோட்டார் வாகனம் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே பிரேக் தலைவலிதான்.

ஒரே தண்டவாளத்தில் நிற்கும் ரயில்? அது எப்படிக் கவிழாமல் நின்றது?

எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அயர்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த லூயி பிரென்னன் ஏற்கெனவே கம்பியால் இயக்கப்படும் டார்பிடோ ஒன்றைச் செய்து புகழ்பெற்றவர். 1909 நவம்பர் 10 அன்று, இங்கிலாந்தின் கில்லிங்ஹாமில், 22 டன் எடையுள்ள ஒரு வண்டியில் 40 பேரை ஏற்றி ஒற்றைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். வண்டி நின்றபோதும் சாயவில்லை, வளைவில் திரும்பும்போதும் கவிழவில்லை, ஆட்கள் எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அந்தப் பக்கமே லேசாக மேலே எழுந்து சமநிலைக்கு வந்தது! அதே நாளில் பெர்லினில் ஆகஸ்ட் ஷெர்ல் என்ற பதிப்பாளரும் இதே மாதிரியான தன் ஒற்றைத் தண்டவாள ரயிலை ஓட்டிக் காட்டினார் என்பது இன்னொரு விசேஷம்.

வேலை செய்த விதம் இப்படி. வண்டிக்குள் இரண்டு கனமான கைரோஸ்கோப் சக்கரங்கள், எதிரெதிர் திசையில், காற்று நீக்கிய உறைக்குள் படுவேகமாகச் சுற்றுகின்றன. சுற்றும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் விழாமல் வேறு திசையில் நகர்கிறது இல்லையா, அந்தக் குணத்தைத்தான் பிரென்னன் பிடித்துக்கொண்டார். ஆனால் சும்மா சுற்றவிட்டால் போதாது. வண்டி சாயும்போது கைரோவின் அச்சை அது தானாக நகரும் திசையிலேயே இன்னும் வேகமாகத் தள்ளிவிட வேண்டும், அப்போதுதான் வண்டியை நிமிர்த்தும் விசை பிறக்கும். அந்தத் தள்ளுதலைத் தானாகச் செய்யும் பொறியமைப்பைக் கண்டுபிடித்ததுதான் அவருடைய சாதனை. அதுவும் கணினியோ மின்னணுச் சுற்றோ இல்லாத காலத்தில்.

அடுத்த ஆண்டு லண்டன் வொயிட் சிட்டியில் நடந்த ஜப்பான் பிரிட்டன் கண்காட்சியில் ஒரு வட்டப் பாதையில் 50 பேர் வரை ஏற்றி ஓட்டினார்கள், வின்ஸ்டன் சர்ச்சிலும் ஏறிப் பார்த்தார். பிறகு ஏன் வரவில்லை என்றால், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி கைரோவும் அதைச் சுற்ற எஞ்சினும் வேண்டும், சாதாரண சரக்குப் பெட்டியைப் பின்னால் மாட்ட முடியாது. கைரோ நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயமும் முதலீட்டாளர்களை விடவில்லை. இயற்பியல் சரி, கணக்குப் புத்தகம் சரிவரவில்லை.

தலையில் கவசம் மாட்டி எழுதும் மனிதர் யார்?

அவர்தான் கெர்ன்ஸ்பேக், 1925 ஜூலை மாத சயின்ஸ் அண்ட் இன்வென்ஷன் இதழில் வந்தது. கருவியின் பெயர் ஐசோலேட்டர். சத்தமும் பார்வைச் சிதறலும் இல்லாமல் ஒருமுகமாக வேலை செய்ய வேண்டும் என்பது நோக்கம். முதலில் செய்தது மரத்தால் ஆன கவசம், கார்க் பதித்து, மேலே கம்பளித் துணி போர்த்தியது. 75 சதவீதம் சத்தம் குறைந்ததாகவும், பிறகு நடுவில் காற்று இடைவெளி விட்டுச் செய்ததில் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகவும் அவரே எழுதினார். கண் பகுதிக் கண்ணாடிக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, மெல்லிய கீற்று மட்டும் விட்டிருந்தார், எதிரே உள்ள தாளில் கிட்டத்தட்ட ஒரு வரிதான் தெரியும். உள்ளே மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தால் தூக்கம் வரும் என்பதால் சிறிய ஆக்சிஜன் சிலிண்டரையும் இணைத்தார்கள். அடைத்த இடத்தில் கரியமில வாயு சேர்ந்தால் மந்தமாகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

இன்று திறந்தவெளி அலுவலகத்தில் காதை முழுக்க மூடும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களின் தேவைதான் அவருக்கும் இருந்தது.

கெர்ன்ஸ்பேக் வெறும் கற்பனைக்காரரா?

இல்லை. லக்ஸம்பர்க்கில் 1884-இல் பிறந்து 1904-இல் அமெரிக்கா போனவர், வானொலி உதிரிபாகங்கள் விற்றுத் தொழில் தொடங்கியவர். 1923-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஆசபோன் என்ற கருவியைப் பல்லால் கடித்துக்கொண்டால் ஒலி எலும்பு வழியாகக் காதுக்குள் போகும், காது கேட்காதவர்களில் சிலருக்கு அது உதவும். 1928 ஆகஸ்டில் அவருடைய நியூயார்க் வானொலி நிலையமான டபிள்யூஆர்என்ஒய் தொலைக்காட்சிப் படங்களை ஒளிபரப்பியது. துளை போட்ட சுழல் வட்டு வழியாகப் பார்க்க வேண்டிய, ஒன்றரை அங்குலப் படம்தான், ஆனால் வாசகர்கள் இதழைப் பார்த்து வீட்டிலேயே அந்தக் கருவியைச் செய்து பார்த்தார்கள். 1919-இல் நிகோலா டெஸ்லா தன் வாழ்க்கையைத் தொடராக எழுதியதும் இவருடைய எலெக்ட்ரிக்கல் எக்ஸ்பெரிமென்டரில்தான். 1925 பிப்ரவரியில் டெலிடாக்டில் என்று ஒன்றை வரைந்தார்: மருத்துவர் தன் அறையில் இருந்துகொண்டே திரையில் நோயாளியைப் பார்ப்பார், நோயாளி வீட்டில் இருக்கும் இயந்திரக் கை அவரைத் தொட்டுப் பரிசோதிக்கும், தொடும் உணர்வு மருத்துவரின் கைக்குத் திரும்பி வரும். ஐம்பது ஆண்டில் வரும் என்றார். அதைவிட அதிக காலம் பிடித்தது, ஆனால் தொலைதூர அறுவை சிகிச்சை இன்று நடக்கிறது.

ஜன்னல் கூண்டில் குழந்தையை வைத்தது உண்மைதானா?

உண்மை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் ஊரைச் சேர்ந்த எம்மா ரீட் 1922-இல் விண்ணப்பித்து 1923-இல் காப்புரிமை பெற்றார். லண்டனில் 1930-களில் செல்சீ பேபி கிளப் தன் உறுப்பினர்களுக்கு இத்தகைய கூண்டுகளைக் கொடுத்தது. பெற்றோர்கள் கொடூரமானவர்கள் என்று திட்டுவதற்கு முன் அந்தக் காலத்து மருத்துவத்தைப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக் இல்லை, காசநோய் பயம் எங்கும் இருந்தது, அறைகளில் நிலக்கரிப் புகை. குழந்தைக்கு வெளிக்காற்று கொடுத்தால் ரத்தம் சுத்தமாகும் என்று நியூயார்க்கின் பிரபல குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் எழுதினார், தாய்மார்கள் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். முற்றமோ தோட்டமோ இல்லாத மாடி வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? பின்னாளில் அமெரிக்க அதிபரின் மனைவியாக அறியப்பட்ட எலினோர் ரூஸ்வெல்ட்டும் தன் மகளைக் கம்பிவலைப் பெட்டியில் வைத்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்வேன் என்று மிரட்டியதை அவரே எழுதியிருக்கிறார்.

ரேடியம் கலந்த தண்ணீர், எக்ஸ்ரே செருப்புக்கடை எல்லாம்?

இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ரேடிதோர் என்ற பெயரில் ரேடியம் கரைத்த தண்ணீரை வில்லியம் பெய்லி என்பவர் குப்பியில் அடைத்து உற்சாக மருந்தாக விற்றார். எபென் பயர்ஸ் என்ற பணக்காரர், கோல்ப் வீரரும்கூட, கைவலிக்காக அதைக் குடிக்கத் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகளைக் குடித்தார். தாடை எலும்பு அழிந்து 1932-இல் இறந்தார். ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கிக்கொள்ளும், அங்கிருந்தே கதிர்வீசும், அதுதான் காரணம். கடிகார முகப்பில் ஒளிரும் வண்ணம் பூசிய தொழிற்சாலைப் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் அவர்களுக்கும் இதே கதிதான். செருப்புக்கடைகளில் காலை வைத்து எக்ஸ்ரேயில் விரல்களைப் பார்க்கும் பெட்டி 1950-களிலும் இருந்தது, 1957-இல்தான் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை செய்தது. வெற்றி பெற்ற கண்டுபிடிப்பும் ஆபத்தாக இருக்கலாம் என்பதற்கு இவை சாட்சி.

அறிவியல் இதழ்கள் ஆவிகளைத் தேடியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம், 1922 டிசம்பரில் சயின்டிபிக் அமெரிக்கன் ஒரு போட்டி அறிவித்தது: ஆவி சக்தியைச் சோதனைக் கட்டுப்பாட்டில் காட்டுபவருக்கு 2,500 டாலர், உண்மையான ஆவிப் புகைப்படத்துக்கு இன்னொரு 2,500. நடுவர் குழுவில் மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி இருந்தார். அதுதான் புத்திசாலித்தனமான தேர்வு, ஏனென்றால் பேராசிரியர் கண்ணை ஏமாற்றலாம், இருட்டில் காலால் மணியடிக்கும் தந்திரத்தை வித்தைக்காரரிடம் மறைக்க முடியாது. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொண்ட, மார்ஜரி என்று அறியப்பட்ட பாஸ்டனின் மினா கிராண்டன் பரிசை நெருங்கினார், 1924-இல் ஹூடினி அவரைத் தலையும் கைகளும் மட்டும் வெளியே தெரியும் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். பரிசு கடைசிவரை யாருக்கும் போகவில்லை.

தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும் பொம்மைப் பறவை நிரந்தர இயக்கமா?

இல்லை. பெல் ஆய்வகத்தில் வேலை செய்த மைல்ஸ் சல்லிவன் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தலையில் உள்ள ஈரம் ஆவியாகும்போது தலை குளிர்கிறது, உள்ளே இருக்கும் டைகுளோரோமீத்தேன் ஆவி அங்கே சுருங்குகிறது, அழுத்த வேறுபாட்டால் அடியில் உள்ள திரவம் கழுத்து வழியாக மேலே ஏறுகிறது, பாரம் தாங்காமல் பறவை குனிகிறது. சுற்றியுள்ள காற்றின் வெப்பம்தான் எரிபொருள். அதனால்தான் சென்னை மாதிரி ஈரப்பதம் மிகுந்த ஊரில் மெதுவாகக் குனியும், குளிர்சாதன அறையில் வைத்தால் சுறுசுறுப்பாகும். செய்து பாருங்கள், ஆனால் உடைத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது நச்சுத் திரவம்.

அவர்கள் சொன்ன எதிர்காலம் எவ்வளவு பலித்தது?

கலவையாகத்தான். 1949 மார்ச் பாப்புலர் மெக்கானிக்ஸ், 30 டன் எனியாக் கணினியைக் குறிப்பிட்டு, வருங்காலக் கணினிகள் ஒன்றரை டன்தான் இருக்கக்கூடும் என்றது. இதைக் கேலி செய்கிறார்கள், ஆனால் அன்றைய கணினிகளில் இருந்த பெரிய வெற்றிடக் குழாய்களை வைத்துக் கணக்குப் போட்டால் அது துணிச்சலான ஊகம்தான், பிறகு அவற்றின் இடத்தைப் பிடித்த சின்னஞ்சிறு டிரான்சிஸ்டர் அப்போதுதான் பிறந்திருந்தது. 1950 பிப்ரவரி இதழில் வால்டெமார் கெம்பர்ட் 2000-ஆம் ஆண்டை விவரித்தார்: வீட்டில் எல்லாமே தண்ணீர் புகாத பொருள், குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டியதுதான், பழைய ரேயான் உள்ளாடைகளை ரசாயனத் தொழிற்சாலைகள் வாங்கி மிட்டாயாக மாற்றும். அதே கட்டுரையில் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியும் திரையில் பார்த்துக் கடையில் வாங்குவதும் வந்துவிட்டன.

இந்த இதழ்களால் உண்மையாக ஏதாவது நடந்ததா?

நிறைய. பிரேசில்காரரான சான்டோஸ் டுமாண்ட், பாரிஸில் மூங்கிலும் பட்டுத்துணியும் கொண்டு டெமாய்செல் என்ற குட்டி விமானத்தைச் செய்தார், அதற்குக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார். 1910 ஜூன், ஜூலை இதழ்களில் பாப்புலர் மெக்கானிக்ஸ் அதன் வரைபடங்களை அச்சிட்டது, யார் வேண்டுமானாலும் கொட்டகையில் விமானம் கட்டலாம் என்ற நிலை வந்தது. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

1945 அக்டோபரில் பிரிட்டனின் ஒயர்லெஸ் வேர்ல்டு இதழில் ஆர்தர் சி. கிளார்க், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் மூன்று நிலையங்கள் இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்று கணக்கோடு எழுதினார். வெற்றிடக் குழாய் பழுதானால் மாற்ற ஆட்கள் அங்கேயே தங்க வேண்டும் என்றும் நினைத்தார். 1964-இல் சின்காம் 3 செயற்கைக்கோள் அந்த இடத்தில் போய் நின்றது, ஆள் யாரும் இல்லாமல். கிளார்க் 1956 முதல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர்.

1975 ஜனவரி பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் அட்டையில் ஆல்டேர் 8800 கணினி வந்தது, 400 டாலருக்கும் குறைவான விலையில் உதிரிபாகத் தொகுப்பாக. அட்டைக்கு அனுப்பிய முதல் மாதிரி வழியில் தொலைந்துபோனதால் படத்தில் இருப்பது உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி. பால் ஆலன் அந்த இதழை வாங்கிக்கொண்டு போய் பில் கேட்ஸிடம் காட்டினார், மைக்ரோசாப்ட் அங்கிருந்துதான் பிறந்தது.

பழைய இதழில் உள்ள செய்முறைகளை வீட்டில் செய்து பார்க்கலாமா?

படிக வானொலி, காற்றாடி, மரவேலை தாராளமாகச் செய்யலாம். ஆனால் கல்நார், பாதரசம், ஈயம், கறை நீக்க கார்பன் டெட்ராகுளோரைடு என்று வந்தால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நகருங்கள். நேரடியாக மின்இணைப்பில் மாட்டும் சோதனைகளும் அப்படித்தான், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230. பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கே படிக்கலாம், படங்களைப் பயன்படுத்தலாமா?

பாப்புலர் சயின்ஸ், பாப்புலர் மெக்கானிக்ஸ் இரண்டின் பழைய இதழ்களும் கூகுள் புக்ஸில் பக்கம் பக்கமாக இலவசமாகக் கிடைக்கின்றன. கெர்ன்ஸ்பேக்கின் இதழ்களுக்கு வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி என்ற தளம், மற்றவற்றுக்கு இன்டர்நெட் ஆர்கைவ். அமெரிக்காவில் அச்சாகி 95 ஆண்டுகள் முடிந்தவை பொதுவுடைமை, அவற்றின் படங்களை எடுத்துப் போடலாம், பிந்தையவற்றுக்கு உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பகிரும்போது இதழ் பெயரையும் மாதத்தையும் ஆண்டையும் கீழே எழுதிவிடுங்கள், அடுத்து பார்ப்பவர் தேடிப் போக அது போதும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்வது சயின்ஸ் அண்ட் இன்வென்ஷனின் 1925 இதழ்கள், ஐசோலேட்டரும் டெலிடாக்டிலும் ஒரே ஆண்டில் இருக்கின்றன. விளம்பரப் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் அவற்றையும் சேர்த்துப் படியுங்கள்.